தாம்பாளத்தில் ஒரு குழவி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை தண்ணீர்த் தொட்டி கழுவியது. செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி. 2012 ஜூலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் உள்ளே இறங்கித் தேய்த்தேன். அவர் மேலே நின்று, அழுக்குத் தண்ணீரை வாளியில் கயிறு கட்டி இழுத்துக் கொட்டினார்.

"அந்த மூலைய வுட்டுட்ட."

"தெரியுது. வெளிச்சத்த மறைக்காதீங்க."

"காசு குடுத்து ஆள் வெச்சா இவ்ளோ பேச மாட்டான்."

"வர்றவனுக்கெல்லாம் நீங்க பாடம் நடத்துறீங்க. அதுக்குத்தான் ஒருத்தனும் வர்றதில்ல."

அந்த வாரம்தான் ஜெனீவாவில் ஹிக்ஸ் துகளைப் போல ஒன்றைக் கண்டதாக அறிவித்திருந்தார்கள். தொட்டிக்குள் குனிந்திருந்த எனக்கு அதையும் மேலிருந்தே சொன்னார். "டபிள்யூ துகளுக்கு ஏன் அவ்ளோ எடைன்னு கேட்டா, இத்தினி வருஷமா காகிதத்துலதான் பதில் இருந்துது. இப்ப கண்ணால பாத்துட்டாங்க." பிளீச்சிங் பவுடர் போதும் என்றேன். இன்னும் ஒரு கை போட்டார்.

அடுத்த ஞாயிறு காலை, வெளியே கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இறந்துவிட்டார்.

அவர் பெயர் தங்கராசு. மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சிதம்பரத்தில் படித்தவர். டபிள்யூ, இசட் துகள்கள் பிடிபட்ட 1983-இல் அவர் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. முழுச் செய்தியைப் படிப்பதற்காகப் பல்கலைக்கழக நூலகத்துக்கு பஸ் ஏறிப் போனாராம். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமான புதிதில் தன்னை ஒரு சினிமாவுக்குக்கூட அழைத்துப்போகாத மனிதர், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்க அவ்வளவு தூரம் போனார் என்று.

பாடப் புத்தகத்தில், அணுக்கருவுக்குள் வேலை செய்யும் வலுக்குறைந்த விசைக்கு ஒரு பத்திதான் உண்டு. அப்பா அதற்கு ஒரு பீரியட் முழுக்க எடுத்துக்கொள்வார். வீட்டிலிருந்து பித்தளைத் தாம்பாளம் ஒன்று கொண்டுபோவார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய் வைத்து, இரண்டு மாணவர்களை எதிரெதிரே நிற்கவைப்பார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

"இவன் நியூட்ரினோ வூட்டுக்காரன். இவன் நியூட்ரான் வூட்டுக்காரன். தட்டு மாத்துறதுக்கு முன்னாடி யாரோ, எவரோ. மாத்தியாச்சுன்னா?"

"சம்பந்தி சார்."

"அவ்ளோதான். ரெண்டு பேருமே முன்ன இருந்த ஆள் இல்ல. நியூட்ரினோ எலெக்ட்ரான் ஆயிடும். நியூட்ரான் புரோட்டான் ஆயிடும். நடுவுல போன தட்டு இருக்கே, அதான் டபிள்யூ."

"தேங்கா யாருக்கு சார்?"

"ஒனக்குதான். தலையில ஒடைக்கறேன், வா."

பிறகு வெற்றிலையை எடுத்துவிட்டுத் தாம்பாளத்தில் எங்கள் வீட்டு அம்மிக் குழவியை வைப்பார். இப்போது மாற்றுங்கள் என்பார். கையை நீட்டியபடி அதைத் தாங்க முடியாது. இரண்டு பேரும் வயிற்றோடு வயிறு முட்டும் அளவு நெருங்கினால்தான் தட்டு கைமாறும். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். டபிள்யூ, புரோட்டானைவிட எண்பது மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் அந்த விசை, புரோட்டான் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள்தான் எட்டும். அதற்கு அப்பால் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம். இதைக் கரும்பலகையில் எழுதுவார்.

இசட்டுக்கு வேறு தட்டு. பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் வைத்து அனுப்புவார். பொங்கலுக்கு அதே தட்டு எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும். "அவுங்க அவுங்களாவே இருக்காங்க, நாம நாமளாவே இருக்கோம். ஆனா ஒண்ணு நடந்திருக்கு, இல்லியா? அது இசட்."

அப்பாவுக்கு ஒரே தங்கை, சின்னம்மாள் அத்தை. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலர். அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம், அவர் கையால் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சிலர் பள்ளியை மாற்றினார்கள். அத்தை இதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். சின்ன வயதில் அப்பாவும் அவரும் குடித்த டீக்கடை டம்ளரைப் பற்றி மட்டும் பேசுவார். எங்கள் ஆட்களுக்கென்று தனியாக, கூரையில் செருகி வைத்திருக்கும் டம்ளர். குடித்ததும் நாமே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.

2004-இல் அம்மா இறந்தபின், மாதம் ஒருமுறை அத்தை பஸ் ஏறி வந்து இரண்டு நாள் இருந்து எங்கள் வீட்டைச் சரிசெய்துவிட்டுப் போவார். நான் குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தேன். உடன் வேலை செய்த ராஜ்கமலை 2008-இல் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வேறு சாதி. அவர் வீட்டில் ஏற்கவில்லை. நாங்கள் அப்பாவுடன் செம்மண்டலத்திலேயே இருந்தோம். அத்தை என் கணவரிடம் மரியாதையாக, எட்ட நின்று பேசுவார்.

2009-இல் அப்பாவின் கழுத்தில் கட்டி. சென்னையில் அறுவை செய்து தைராய்டை எடுத்தார்கள். சோதனையில் புற்றுநோய் என்று வந்தது. அத்தையிடம் கட்டி என்றும், எடுத்தாயிற்று என்றும் மட்டும் சொன்னார். என்னிடம் காரணத்தையும் சொன்னார். அத்தையின் மகள் இலக்கியாவுக்கு ஒரு வரன் கூடி வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய வரன், பெண்ணின் தாத்தாவுக்குப் பெரிய வியாதி இருந்தது என்று யாரோ சொல்லிக் கலைந்துபோனது. இப்போது தாய்மாமனுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் இதுவும் போய்விடும்.

"அவ வாய் நிக்காது. அழுவா. நாலு பேரு என்னா ஏதுன்னு கேப்பாங்க. நிச்சயம் முடியட்டும்" என்றார்.

அறுவைக்குப் பின் மிச்சமிருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரு மாத்திரைதான். ஆஸ்பத்திரியில் தனி அறையில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள் அருகில் சில வாரங்கள் போகக் கூடாது. தட்டு, டம்ளர், துணி எல்லாம் தனி. நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. போக வேறு வீடு இல்லை. அப்பா மாடி அறைக்குப் போனார். அங்கே குளியலறை உண்டு. நான் சாப்பாட்டை மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். பிறகு அவர் வந்து எடுத்துப்போவார். சாப்பிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார். மற்ற பாத்திரங்களோடு கலந்துவிடாமல் இருக்க, தட்டிலும் டம்ளரிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தேன்.

மாடியிலிருந்து சத்தமாகப் பேசிக்கொள்வோம். அயோடின் அணுவுக்குள் ஒரு நியூட்ரான் டபிள்யூவை வெளியேவிட்டுப் புரோட்டான் ஆகிறது. அணு செனான் ஆகிவிடுகிறது. "இங்க எதிர் வூடு இல்ல பாரு. தட்டு பாதி வழியிலயே ஒடஞ்சி எலெக்ட்ரான் ஒண்ணு, எதிர்நியூட்ரினோ ஒண்ணுன்னு ரெண்டா போயிடுது" என்றார். அந்த எலெக்ட்ரான் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓடி, வழியில் இருக்கும் செல்லைக் கொல்கிறது. அதுதான் வைத்தியம். அதோடு சேர்ந்து வரும் காமாக் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும். முக்காலி அதற்காக. மற்றவர்களுக்குக் கரும்பலகையில் சொன்னது அப்போது அவர் கழுத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. அதை அவர் ஒரு பாடமாகவே சொன்னார்.

அத்தை சொல்லாமல் வந்தார். இலக்கியாவுக்கு வரன் முடிவாகிவிட்டது. தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்க வேண்டும். மதிய நேரம்.

"அண்ணன் எங்கடி?"

"மாடியில தூங்குறாரு அத்த. நீங்க ஒக்காருங்க, நான் கூப்புடறேன்."

"நீ வயித்த வெச்சிக்கிட்டு ஏறாத. நானே போறேன்."

திருப்பத்தில் நின்றுவிட்டார். முக்காலியில் தட்டு. அதன் மேல் கவிழ்த்த டம்ளர். கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்னாடி?"

"அப்பாவோடது."

"கோடு எதுக்கு?"

"மாறிடக் கூடாதுன்னு."

"மாறினா என்னா ஆவும்?"

மேலே கதவு திறந்தது. அப்பா உள்ளேயே நின்றார். "சின்னா, மேல வராத. அங்கியே நில்லு."

"கதவுக்குள்ளருந்து பேசற? என்னாண்ணே ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல. சளி."

"சளிக்குத் தனி டம்ளரா?"

அத்தை என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "டீக்கடையில குடிச்சோம், சரி. அவன் ஊராமூட்டுக்காரன். பெத்தவனுக்கே வெச்சிட்டியே, இது ஒன் வூட்டுக்காரன் கத்துக்குடுத்ததா, இல்ல நீயே படிச்சியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லாதே என்று தலையை மெல்ல ஆட்டினார். சொல்லவில்லை.

அத்தை வெற்றிலை பாக்கைப் படியில் வைத்துவிட்டு இறங்கினார். அப்பா மேலிருந்து, "சின்னா, சாப்ட்டுட்டுப் போ" என்றார்.

"எந்தத் தட்டுலண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் படியடியில் நின்று, "சொல்லிடலாம்பா. இல்லன்னா அம்மை போட்டிருக்குன்னாவது சொல்லலாம்" என்றேன்.

"அம்மைன்னா வேப்பிலையோட வந்து பக்கத்துலயே பாய் போட்டுக்குவா. அவள அனுப்பவே முடியாது."

"அப்ப?"

"கோவமா இருக்கட்டும். கோவம் இருந்தா தூரமா இருப்பா."

நிச்சயதார்த்த நாள், அப்பா விலகியிருக்க வேண்டிய நாட்களுக்குள்தான் வந்தது. எங்களில் பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன் கையால் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் கைக்குழந்தைகள் இருப்பார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பார்கள். அப்பா தூரத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார். எனக்கும் போடத் தெரியும். சில நிமிடங்கள் மட்டும் என்றால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஒரு தாய்மாமன் சில நிமிடங்களில் திரும்ப முடியாது. சபையில் உட்கார வேண்டும். பிள்ளைகளை மடியில் கொண்டுவந்து வைப்பார்கள்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. மண்டபத்துக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொள்வது. "நான் தொட்டுக் குடுத்தா போதும். மச்சான் வந்து வாங்கிட்டுப் போயி உள்ள மாத்தட்டும்." மச்சான் என்றது அத்தையின் கணவர் கலியமூர்த்தி மாமாவை.

"தெருவுல நின்னா ஏன்னு கேப்பாங்களே. அதோட, நீங்கதான் கொழவி வெச்சிக் காட்டினீங்க. அந்தத் தட்டு தூரத்துலருந்து மாறாது."

"நெசந்தான்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

போனில் அத்தையிடம், "என்னால வர முடியாது. வேற யாரையாச்சும் வெச்சி மாத்திக்க" என்றார். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நானும் ராஜ்கமலும் போனோம். அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான உத்திராபதி தட்டைப் பிடித்தார். தட்டு மாறியது, சம்பந்திகள் சந்தனம் பூசிக்கொண்டார்கள், இலக்கியா சிரித்தபடி புடவை மாற்றப் போனாள். பந்தியில் என் இலைக்குத் தண்ணீர் வைக்க அத்தையே வந்தார்.

"ஒனக்கு எந்த டம்ளர்ல வேணும்?"

பக்கத்து இலைக்காரர்கள், வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நானும் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த மாதமே அப்பா மாடியிலிருந்து இறங்கிவிட்டார். என் மகள் பிறந்தாள். அவரே தூக்கி வளர்த்தார். 2010-இல் இலக்கியாவின் கல்யாணத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அத்தை பேசவில்லை. இனிமேல் சொல்லலாமே என்றேன். "போன எடத்துல அந்தப் பொண்ணு காலூனட்டும். ஒரு கொழந்த பொறக்கட்டும். இப்ப சொன்னா, கொழந்த தள்ளிப்போறதுக்கும் இதான் காரணம்பாங்க" என்றார். தினம் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொள்வார். வருடத்துக்கு ஒருமுறை சென்னை போய்ச் சோதித்துக்கொண்டு வருவார். நோய் திரும்ப வரவில்லை. தங்கையும் வரவில்லை.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபின் போன்கள் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள், விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி மாமா சைக்கிளில் வந்தார். அத்தைதான் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவர அனுப்பியிருந்தார். மாமா வேர்த்து நனைந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன்.

"வேணாம்மா. இந்த வூட்டு டம்ளர்ல வாய் வெக்க மாட்டேன்னு ஒங்கத்த சத்தியம் வாங்கியிருக்கா."

அப்பா சொம்பை வாங்கினார். "டம்ளருக்குத்தான சத்தியம் மச்சான்? கைய ஏந்துங்க." மாமா வாசலில் குனிந்து கையேந்திக் குடித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஒங்க பொண்டாட்டி ரொம்ப ஜாஸ்தியா போறா" என்று அப்பா சொன்னார். "ஒங்க தங்கச்சிதான" என்றார் மாமா.

2012 மே மாதம் இலக்கியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொட்டி கழுவியதற்கு அடுத்து வந்த வியாழக்கிழமை வாக்கில், அப்பா மாமாவுக்குப் போன் செய்தது அப்போது எனக்குத் தெரியாது. இறந்த ஞாயிறு காலை அவர் எங்கே கிளம்பிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது. வெள்ளைச் சட்டை எடுத்துப் போட்டார். கேட்டதற்கு, "பக்கத்துலதான்" என்றார்.

நான்தான் சிதம்பரத்துக்குத் தகவல் சொன்னேன். அத்தை வந்து அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்து எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரமும் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஆரோக்கியம்மாள் தன் வீட்டிலிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்தார்.

கருமாதிக்கும் வந்தார்கள். சடங்கு முடிந்ததும் அத்தை தெருவில் போய் நின்றுகொண்டார். மாமா மட்டும் துண்டை உதறி மடித்தபடி கொஞ்சம் பின்தங்கினார்.

"ஒங்கப்பா அன்னிக்கு எங்க வூட்டுக்குத்தாம்மா கெளம்பியிருக்காரு" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"போன் பண்ணாரு. ஞாயித்துக்கெழம வரேன், மதியம் சாப்புடுவேன், நான்தான்னு சின்னாகிட்ட சொல்லாதீங்கன்னாரு. கெழங்கா மீனு கெடச்சா வாங்குங்கன்னாரு. வெடியகாலையிலயே போயி வாங்கிட்டேன். யாரு வராங்கன்னு ஒங்கத்த கேட்டா. தெரிஞ்சவருன்னேன். மீனக் கழுவி மஞ்சத் தடவி வெச்சிக்கிட்டு இருந்தா. அப்பதான் நீ போன் பண்ண."

"இப்ப சொல்லிட்டீங்களா, வர இருந்தது அப்பாதான்னு?"

"எப்பிடிச் சொல்றது? எதுக்கு வரேன்னாருன்னு கேப்பா. எனக்கே தெரியாது. ஒரு விஷயம் இருக்கு மச்சான், அவகிட்ட நேர்லதான் சொல்லணும்னாரு. ஒனக்கு எதுனா தெரியுமா?"

தெரியும் என்றேன். அதற்குள் அத்தை தெருவிலிருந்து கூப்பிட்டார், சிதம்பரம் பஸ் போய்விடும் என்று.